அயனித் திரவம் நிறைந்த சிலிக்காக் கண்ணாடியில் அயனி ஓட்டத்தை அளப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பிரிட்டோரியா, ஜொகன்னஸ்பர்க் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் மின்வேதியியல் ஆய்வுக்காக வந்து சேர்ந்து, அயனித் திரவத்தைத் தன் துளைகளுக்குள் அடக்கிய கண்ணாடியை முதன்முறையாகக் கையில் எடுக்கும் தமிழ் மாணவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அடிப்படை வேதியியல் தெரிந்திருந்தால் போதும். மாறுமின்னழுத்தத்துக்குப் பொருள் காட்டும் எதிர்ப்பை அளக்கும் மின்மறிப்பு அளவியிலோ, திரவக் கலவையை உறையவைத்துக் கண்ணாடியாக்கும் சோல்-ஜெல் முறையிலோ முன்பழக்கம் தேவையில்லை. இந்த நாட்டுக்கு இத்துறையில் ஒரு மரபும் உண்டு. 1985ஆம் ஆண்டு பிரிட்டோரியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸீப்ரா மின்கலத்தில், சோடியம் அயனிகளைக் கடத்தும் பீட்டா அலுமினா என்ற திண்மப் பொருளும், சோடியம் அலுமினியம் குளோரைடு என்ற உருகிய உப்பும் இணைந்தே வேலை செய்கின்றன. அந்த உப்பு ஏறத்தாழ 157 டிகிரி செல்சியஸில்தான் உருகும். மின்கலமோ அதைவிடப் பெரிதும் உயர்ந்த வெப்பநிலையில் இயங்க வேண்டும். நாம் எடுத்துக்கொள்ளும் பொருளில் உப்பு அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கிறது. மற்றொரு வேறுபாடும் முக்கியமானது. பீட்டா அலுமினா தானே அயனியைக் கடத்துகிறது. நம்முடைய சிலிக்காக் கண்ணாடி எதையும் கடத்துவதில்லை. கடத்துவது முழுவதும் துளைக்குள் இருக்கும் திரவமே.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது, அதை முதல் நாளிலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: கண்ணாடியில் நிகழ்த்தும் ஒவ்வொரு அளவீட்டையும், அதே புட்டியிலிருந்து எடுத்து, அதே அளவுக்கு உலர்த்தி, அதே வெப்பநிலையில் வைத்த வெறுந்திரவத்திலும் நிகழ்த்த வேண்டும். தாய்த் திரவத்தோடு ஒப்பிடாத கடத்துதிறன் எண்ணிலிருந்து கண்ணாடி என்ன செய்தது என்பதை யாராலும் அறிய முடியாது.

திரவத்தைத் தேர்தல்

100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருகும் உப்பையே அயனித் திரவம் என்று வழங்குகிறோம். 1914இல் பால் வால்டன் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டு 12 டிகிரியிலேயே உருகியது. ஆனால் காற்றையும் ஈரத்தையும் தாங்கும் இமிடசோலியத் திரவங்களை வில்க்ஸும் ஸவரோட்கோவும் 1992இல் வெளியிட்ட பிறகே இத்துறை விரிந்தது. தொடங்குவோருக்கு எத்தில் மெத்தில் இமிடசோலியம் நேர்மின் அயனியும், சுருக்கமாக டி.எஃப்.எஸ்.ஐ. எனப்படும் பிஸ்-டிரைஃபுளோரோமெத்தேன்சல்ஃபோனில் இமைடு எதிர்மின் அயனியும் சேர்ந்த திரவத்தையே பரிந்துரைப்பேன். 25 டிகிரியில் அதன் கடத்துதிறன் செ.மீ.க்கு ஏறத்தாழ 9 மில்லி சீமென்ஸ்; பாகுநிலை நீரைப் போல முப்பது மடங்குக்கும் மேல்; அடர்த்தி மி.லி.க்கு 1.52 கிராம். ஆவி அழுத்தம் மிக மிகக் குறைவு என்பதால் அறை வெப்பநிலையில் திறந்து வைத்தாலும் ஆவியாகிக் குறையாது.

டெட்ராஃபுளோரோபோரேட்டு, ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டு ஆகிய எதிர்மின் அயனிகளைக் கொண்ட திரவங்கள் விலை குறைவாகக் கிடைக்கும். இருந்தும் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. ஈரமும் அமிலமும் வெப்பமும் சேரும்போது அவை சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரக்கூடும். அந்த அமிலம் தோலை ஊடுருவி எலும்பு வரை செல்வது ஒருபுறமிருக்க, சிலிக்காவையே அரித்துவிடும். ஆகவே நாம் கட்டும் கண்ணாடிச் சுவரை நாம் ஊற்றிய திரவமே கரைத்துக்கொண்டிருக்கும். வேறு வழியின்றி அத்தகைய திரவத்தைத் தொட நேர்ந்தால், அந்த அமிலம் பட்ட இடத்தில் தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட்டு ஜெல் ஆய்வகத்தில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே புட்டியைத் திறக்கவும்.

ஈரத்தை நீக்குதல்

டர்பனில் இந்தப் படிநிலைக்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும். இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பான நீரோட்டத்தை ஒட்டிய இந்த ஊரில், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் நாட்களின் புழுக்கத்தை அறிந்தவர்களுக்கு, திறந்த புட்டி எவ்வளவு விரைவாக ஈரத்தை உறிஞ்சும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நாம் தேர்ந்த திரவம் நீருடன் கலக்காது, நீருக்கு அடியில் தனிப் படலமாகத் தங்கும். அதனாலேயே பலர் அதை ஈரம் அற்றது என்று எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் அது தன் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் மேல் நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அந்த நீர் பாகுநிலையைக் குறைக்கும், பாகுநிலை குறைந்தால் அயனிகள் விரைவாக நகரும், கடத்துதிறன் உயரும். கண்ணாடியின் மேற்பரப்பு செய்த விந்தை என்று எண்ணி மகிழ்ந்த உயர்வு, பிப்ரவரி மாதக் காற்றின் ஈரமாக மட்டுமே இருந்திருக்கக்கூடும்.

திரவத்தை வெற்றிட அடுப்பில் 70 முதல் 80 டிகிரி வரை சூடாக்கி, குறைந்தது ஓர் இரவும் பகலும், மெல்லக் கலக்கியபடி உலர்த்தவும். கலக்காவிட்டால் மேற்பரப்பு மட்டும் உலரும், ஏனெனில் பாகுநிலை மிகுந்த திரவத்தின் அடியிலுள்ள நீர் மேலே வந்து சேர நெடுநேரம் ஆகும். பிறகு கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தலில் நீரின் அளவைக் கண்டு, அந்த எண்ணைப் புட்டியின் மேல் தேதியுடன் எழுதவும். பத்து லட்சத்தில் நூறு பங்குக்குக் கீழே இறங்கியிருந்தால் தொடக்கநிலை வேலைக்குப் போதும்.

மின்சாரம் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 2007ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2023இல் உச்சத்தை எட்டிய சுழற்சிமுறை மின்வெட்டு இந்த நாட்டின் ஆய்வகங்களுக்குக் கற்றுத்தந்த பாடங்களில் ஒன்று, வெற்றிடப் பம்பையும் அடுப்பையும் இணைக்கும் குழாயில், மின்சாரம் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் அடைப்பிதழ் ஒன்று இருக்க வேண்டும் என்பதாகும். அது இல்லாவிட்டால் பம்பின் எண்ணெய் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு அடுப்புக்குள் வந்துவிடும். எண்ணெய் படிந்த திரவத்தை எவ்வளவு உலர்த்தினாலும் மீட்க முடியாது. மின்வெட்டு அரிதாகிவிட்ட காலத்திலும் இந்த அடைப்பிதழைக் கழற்ற வேண்டாம்.

கண்ணாடியை உருவாக்குதல்

சாதாரணக் கண்ணாடியைப் போல மணலை உருக்கி இதைச் செய்ய இயலாது. அந்த வெப்பத்தில் அயனித் திரவம் சிதைந்து போகும். அதனால் அறை வெப்பநிலையில் நடக்கும் சோல்-ஜெல் முறையைக் கையாளுகிறோம். டெட்ராஎத்தாக்சிசிலேன் என்ற சேர்மத்தின் எத்தாக்சித் தொகுதிகள் நீங்கி, சிலிக்கான் அணுக்கள் ஆக்சிஜன் வழியாக ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. நீரும் சிறிது அமிலமும் சேர்த்து இதைச் செய்யும் வழி நெடுநாளாக உள்ளது. ஆனால் நீருடன் கலக்காத நம் திரவத்துக்கு ஃபார்மிக் அமில வழியே ஏற்றது. ஃபார்மிக் அமிலம் எத்தாக்சித் தொகுதிகளை எத்தில் ஃபார்மேட்டாக மாற்றி நீக்கும்போது, வலை பின்னத் தேவையான நீர் அந்தந்த இடத்திலேயே சிறிது சிறிதாகத் தோன்றுகிறது. அதனால் திரவம் தனியே பிரிந்து நிற்காமல் வலை முழுவதும் சீராகப் பரவுகிறது. பிரான்ஸின் மோன்பெலியே நகர ஆய்வாளர்கள் இந்த வழியில் செய்த வேலையே இத்தகைய அயனி ஜெல்களைப் பரவலாக அறியச் செய்தது.

முதல் மாதிரிக்கு ஒரு கணக்கு. 10 மி.லி. டெட்ராஎத்தாக்சிசிலேனில் ஏறத்தாழ 0.045 மோல் உள்ளது. அது முழுவதும் சிலிக்காவாக மாறினால் 2.7 கிராம் கிடைக்கும். சிலிக்காவின் அடர்த்தியை 2.2 என்று கொண்டால் அதன் பருமன் ஏறத்தாழ 1.2 கன செ.மீ. இதனுடன் 5 மி.லி. அயனித் திரவம் சேர்த்தால், இறுதிப் பொருளின் பருமனில் திரவத்தின் பங்கு 0.80 ஆகிறது. ஃபார்மிக் அமிலம் சிலிக்கானுக்கு நான்கு மடங்கு மோல், அதாவது ஏறத்தாழ 7 மி.லி., சமன்பாட்டுக்குப் போதுமானது. நடைமுறையில் அதைவிட மிகையாகவே ஊற்றுகிறார்கள்.

முதலில் சிலேனையும் அயனித் திரவத்தையும் டெஃப்லான் குவளையில் கலந்து, பிறகு அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கலவை தெளிவாகும் வரை கலக்கவும். தட்டையான அடியுள்ள டெஃப்லான் அச்சுகளில் ஊற்றி, ஊசித்துளைகள் இட்ட படலத்தால் மூடி, புகைபோக்கிப் பெட்டிக்குள் அசைக்காமல் வைக்கவும். எத்தில் ஃபார்மேட்டு எளிதில் தீப்பற்றும் ஆவி. இறுக மூடினால் அழுத்தமும் ஏறும். ஃபார்மிக் அமிலம் தோலைச் சுடும். சிலேனை எத்தாக்சிக்குப் பதில் மெத்தாக்சி வகையாக மாற்றினால் வினை விரைவாக நடக்கும் என்று யாரேனும் சொல்லக்கூடும். அது உண்மைதான், ஆனால் டெட்ராமெத்தாக்சிசிலேனின் ஆவி கண்ணின் கருவிழிப் படலத்தைத் தாக்கிப் பார்வையையே பறிக்க வல்லது என்பதால், புதியவர்கள் அந்த வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

கலவை சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாட்களுக்குள் ஜெல்லாக உறையும். அச்சைச் சாய்த்தால் மேற்பரப்பு அசையாதிருப்பதே அடையாளம். அதன் பிறகு ஒரு வாரமாவது முதிர விடவும். வழக்கமான சிலிக்கா ஜெல் உலரும்போது, துளைகளில் உள்ள ஆல்கஹால் பின்வாங்கும் இடங்களில் தோன்றும் நுண்புழை விசை சுவர்களை இழுத்து நொறுக்கிவிடுகிறது. நம் பொருளில் ஆவியாகாத திரவம் துளைகளில் நிறைந்தே இருப்பதால் அந்த இழுவிசை பெரிதும் குறைவு, ஆகவே முழு வட்டாகக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆயினும் துணை விளைபொருள்கள் விரைந்து வெளியேறினால் விரிசல் விழும். கடல் மட்டத்தில் உள்ள டர்பனில் சரியாக வந்த அச்சு மூடி, 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ள ஜொகன்னஸ்பர்கின் வறண்ட ஜூலைக் காற்றில் அதே போல வேலை செய்யும் என்று எதிர்பார்க்கக் கூடாது; அங்கே துளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

முதிர்ந்த வட்டை வெற்றிடத்தில் மெல்ல மெல்ல 80 டிகிரி வரை சூடாக்கி, எடை மாறாத நிலை வரும் வரை உலர்த்தவும். மேலே கண்ட கணக்கின்படி எல்லா வட்டுகளும் சேர்ந்து 7.6 கிராம் திரவமும் 2.7 கிராம் சிலிக்காவும், ஆக 10.3 கிராம் இருக்க வேண்டும். சுவரில் எஞ்சும் ஹைட்ராக்சில், எத்தாக்சித் தொகுதிகளால் சற்றே கூடலாம். பெரிதும் கூடியிருந்தால் அமிலமோ ஆல்கஹாலோ உள்ளே தங்கியிருக்கிறது. இந்த எளிய எடைச் சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

வட்டைப் பொருத்தி அளத்தல்

பொருத்துவதில் இரண்டு செய்திகள் மட்டும். வட்டை மெருகேற்ற நீரைப் பயன்படுத்தக் கூடாது, உலர்ந்த உப்புத்தாளே ஏற்றது. மின்முனைகளை அளவுக்கு மீறி இறுக்கினால் வட்டு உடையும், அல்லது திரவம் வியர்த்துப் பக்கவாட்டில் வழிந்து குறுக்குப் பாதை உண்டாகும். தங்கம் பூசிய முகமோ, மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகுத் தகடோ போதும். தடிமனை ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி காணவும்.

நேர்மின்னோட்டம் செலுத்தி மின்தடையை அளக்க முயன்றால், மின்முனைகளின் முகத்தில் அயனிகள் குவிந்து மின்னோட்டம் உடனே சரியும். அதனால்தான் மாறுமின்னழுத்தம் செலுத்தி மின்மறிப்பை அளக்கிறோம். 10 மில்லி வோல்ட் வீச்சில், 10 லட்சம் ஹெர்ட்ஸிலிருந்து 0.1 ஹெர்ட்ஸ் வரை அளக்கவும். தென்னாப்பிரிக்க மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸில் இயங்குவதால், அந்த அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும் பட்டியலிலிருந்து விலக்கினால் புள்ளிகள் சிதறாமல் வரும். வரைபடத்தில் கிடையச்சு மின்மறிப்பின் மெய்ப்பகுதி, நெடுக்கையச்சு அதன் கற்பனைப்பகுதி. குறைந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழச் செங்குத்தாக எழும் கோடு, மின்முனை முகத்தில் அயனிகள் குவிவதைக் காட்டுகிறது. அக்கோட்டை உயர் அதிர்வெண் பக்கம் நீட்டினால் கிடையச்சை வெட்டும் இடமே பொருளின் மின்தடை. தடிமனை, மின்தடையும் பரப்பும் பெருக்கிய தொகையால் வகுத்தால் கடத்துதிறன் கிடைக்கும்.

எவ்வளவு மின்தடை வர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்துக்கொள்ளுங்கள். துளைகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் பொருளில், கடத்துதிறன் திரவப் பங்கின் 1.5 அடுக்கின்படி குறையும் என்பது புருகெமான் கணிப்பு. நம் மாதிரியில் 0.80இன் 1.5 அடுக்கு 0.72, அதனால் 9இலிருந்து ஏறத்தாழ 6.5 மில்லி சீமென்ஸ் எதிர்பார்க்கலாம். ஒரு மி.மீ. தடிமனும் ஒரு செ.மீ. விட்டமும் உள்ள வட்டுக்கு அது வெறும் 20 ஓம். இணைப்புக் கம்பிகளின் மின்தடை ஓர் ஓம் இருந்தாலே ஐந்து விழுக்காடு பிழை. ஆகவே நான்கு கம்பி இணைப்பையே பயன்படுத்தி, வட்டு இல்லாமல் மின்முனைகளை நேரே தொடவைத்து அளந்த மதிப்பையும் கழிக்கவும். வெறுந்திரவத்தை ஊற்றி அளக்கும் கலத்தின் மாறிலியை (அளந்த மின்தடையைக் கடத்துதிறனாக மாற்ற உதவும் எண்ணை), 25 டிகிரியில் 1.413 மில்லி சீமென்ஸ் கொண்ட 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலால் நிர்ணயித்து, கலத்தை நன்கு கழுவி உலர்த்திய பின்பே திரவத்தை ஊற்றவும்.

வெப்பநிலையோடு வரும் மாற்றத்தைப் படித்தல்

ஒரே வெப்பநிலையில் பெற்ற எண்ணிலிருந்து அறியக்கூடியது குறைவு. 5 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை, ஒவ்வொரு படியிலும் வட்டின் உட்பகுதியும் சமவெப்பம் அடையும் வரை அரைமணி நேரமாவது காத்திருந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் அளக்கவும். இரண்டு வளைவரைகளும் பொருந்தாவிட்டால், சூடாக்கியபோது நீர் வெளியேறியிருக்கிறது அல்லது மின்முனைத் தொடுகை மாறியிருக்கிறது என்று பொருள்.

கடத்துதிறனின் மடக்கையைத் தனி வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரைந்தால், சோடியம் சிலிக்கேட்டு போன்ற திண்மக் கண்ணாடிகள் நேர்கோட்டைத் தரும். அங்கே ஒவ்வோர் அயனியும் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு ஒரு தடையைத் தாண்டிக் குதிக்கிறது. நம் பொருளிலோ கோடு வளையும். அயனித் திரவத்தில் அண்டை அயனிகள் விலகி இடம் தந்தால்தான் ஓர் அயனி நகர முடியும், அந்த விலகல் வெப்பநிலை குறையக் குறைய மிக விரைவாகக் கடினமாகிறது. வோகல், ஃபுல்கர், தம்மான் ஆகியோர் 1920களில் தந்த சமன்பாடு இவ்வளைவை விவரிக்கிறது. வளைந்த கோட்டுக்கு வலிந்து நேர்கோடு பொருத்தி, கிளர்வு ஆற்றல் இவ்வளவு என்று எழுதுவதை விட்டுவிடுங்கள்.

அடுத்து, கண்ணாடியின் கடத்துதிறனை வெறுந்திரவத்தின் கடத்துதிறனால் ஒவ்வொரு வெப்பநிலையிலும் வகுத்துப் பாருங்கள். என் கணிப்பில் இந்த ஆய்வு முழுவதிலும் மிகுந்த பொருள் தரும் எண் இந்த விகிதம்தான். அது எல்லா வெப்பநிலையிலும் ஒன்றாகவே இருந்தால், கண்ணாடி வழியை வளைத்தும் குறுக்கியும் விட்டதே தவிர, திரவத்தின் இயல்பை மாற்றவில்லை. அது வெப்பநிலையோடு மாறினால், சுவரின் செல்வாக்கு உள்ளே நுழைந்திருக்கிறது. துளைகளின் அகலம் சில நானோமீட்டர் முதல் பத்துப் பதினைந்து நானோமீட்டர் வரைதான். அயனிகளோ ஒரு நானோமீட்டருக்கும் சிறியவை. அதனால் துளையில் உள்ள அயனிகளில் கணிசமான பங்கு சுவரை ஒட்டியே இருக்கும். சுவரின் ஹைட்ராக்சில் தொகுதிகள் எதிர்மின் அயனியோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொண்டு அதைத் தாமதப்படுத்தலாம். அதே சமயம், சீரான படிகமாக அடுக்கிக்கொள்ள இடமில்லாததால், தாய்த் திரவம் உறையும் குளிரிலும் துளைக்குள் உள்ள திரவம் உறையாமல் தொடர்ந்து கடத்தலாம். பூச்சியத்துக்குக் கீழே செல்லக்கூடிய வெப்பநிலைப் பெட்டி உங்கள் ஆய்வகத்தில் இருந்தால், மைனஸ் 40 டிகிரி வரை இறங்கி இதைக் கட்டாயம் பார்க்கவும்.

அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் விரவல் குணகத்தை, அதாவது அயனிகள் தாமே எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதை, அளக்கும் வசதி கிடைத்தால், நேர்மின், எதிர்மின் அயனிகளின் விரவல் குணகங்களை நெர்ன்ஸ்ட்–ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் இட்டு ஒரு கடத்துதிறனைக் கணிக்கலாம். அறை வெப்பநிலையில் இவை வினாடிக்கு 10⁻¹¹ சதுர மீட்டர் என்ற அளவில் இருக்கும். மின்மறிப்பில் அளந்த எண் அக்கணிப்பைவிடக் குறைவாகவே வரும். எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் பல சமயம் சேர்ந்தே நகர்கின்றன. அந்த நகர்வு விரவலில் சேரும், மின்னோட்டத்தில் சேராது.

லித்தியம் சேர்க்கும்போது

மின்கலத்துக்காக லித்தியம் உப்பைக் கரைத்தவுடன் பாகுநிலை ஏறி மொத்தக் கடத்துதிறன் குறையும்; அது இயல்பு, மாதிரி கெட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறொன்று. மின்மறிப்பு அளவி எல்லா அயனிகளின் ஓட்டத்தையும் கூட்டித்தான் சொல்கிறது. மின்கலத்துக்குப் பயன்படுவது லித்தியத்தின் பங்கு மட்டுமே. இமிடசோலியத் திரவங்களில் அப்பங்கு மிகச் சிறியது. ஒவ்வொரு லித்தியம் அயனியும் எதிர்மின் அயனிகள் சிலவற்றால் சூழப்பட்டு, மொத்தத்தில் எதிர்மின்சுமை கொண்ட கொத்தாக இருப்பதால், மின்புலத்தில் தவறான திசையிலேயே நகர்வதையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். லித்தியம் உலோக மின்முனைகள் கொண்டு, புரூஸ், வின்சென்ட், எவன்ஸ் ஆகியோர் 1987இல் விவரித்த முறையில், லித்தியத்தின் பங்கைக் குறிக்கும் கடத்தல் எண்ணைக் காணலாம். ஆனால் அம்முறை நீர்த்த கரைசலுக்கான எண்ணத்தில் அமைந்தது, செறிந்த அயனித் திரவத்தில் அது தரும் விடையை ஒப்பீட்டுக்கு மட்டும் கொள்வதே நேர்மை. லித்தியம் உலோகத்தையும் அதன் டி.எஃப்.எஸ்.ஐ. உப்பையும் ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டிக்கு வெளியே எடுக்க வேண்டாம்.

லித்தியம் சல்ஃபைடு, பாஸ்பரஸ் சல்ஃபைடு சேர்ந்த கண்ணாடித் தூளை அயனித் திரவத்தால் நனைத்துச் செய்யும் கலப்புப் பொருள்களும் உண்டு. அங்கே கண்ணாடியும் லித்தியத்தைக் கடத்துகிறது. திரவம் துகள்களின் இடைவெளியை நிரப்பித் தொடுகையைச் சீராக்குகிறது. மேலே சொன்ன விகிதக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. அத்தூள் ஈரக்காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை வெளியிடும் என்பதால், சிலிக்காவில் கை பழகிய பிறகு, மேற்பார்வையாளர் உடனிருக்கும்போது மட்டுமே அதைத் தொடவும்.

மாதிரியைப் பாதுகாத்தல்

அளந்த வட்டுகளைத் தூக்கி எறியாமல், திரவப் பங்கு, நீரின் அளவு, உலர்த்திய வெப்பநிலை, எடை ஆகியவற்றை எழுதிய சிறு குப்பிகளில் அடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் இட்ட உலர்கலத்தில் வைக்கவும். மணிகளின் நிறம் மாறியதும் அவற்றை 120 டிகிரியில் சூடாக்கிப் புதுப்பிக்கலாம். டர்பன் கோடையில் இதை வாரந்தோறும் பார்க்க வேண்டியிருக்கும். மறுபடி அளக்க எடுக்கும்போது முதலில் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால், மின்மறிப்பு அளவியில் பொருத்துவதற்கு முன் வட்டை ஓர் இரவு வெற்றிட அடுப்புக்குத் திருப்பி அனுப்பவும்.